ஒரு பவுண்டு காற்று

லாரி ட்யூபைக் கையில் வாங்கியதும் பஞ்சர் கடைக்காரர் முதலில் வால்வைத்தான் பார்ப்பார். விரல் நுனியில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் தடவுவார். எச்சில் மெல்ல உப்பிக் குமிழியானால் பாதி வேலை முடிந்தது. ட்யூபில் ஓட்டை இல்லை, வால்வு ஊசியை மாற்றினால் போதும். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில், எலவனாசூர்கோட்டையில் வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. “ஆணிதாண்ணே ஏறியிருக்கும், தொட்டியில வுட்டுப் பாரு” என்பார். “இருண்ணே, வால்வுல போவுதான்னு மொதல்ல பாத்துக்கறேன்” என்று பதில் வரும். வால்வு சரியென்று தெரிந்த பிறகே ட்யூப் தண்ணீருக்குள் போகும். அங்கேயும் அவசரம் கிடையாது. ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்த வெறும் காற்று முத்துக்களை உள்ளங்கையால் ஒரு முறை வழித்து விடுவார். வழித்த பிறகும் ஒரே இடத்திலிருந்து விடாமல் சரமாகக் கிளம்புகிறதே, அதுதான் ஓட்டை. அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைப்பார்.

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் தங்கள் பெட்ரோல் டேங்கைச் சோதிக்கும்போது செய்வதும் இதே வேலைதான். வரிசைகூட இதேதான். ஆனால் அவர்கள் தேடுகிற ஓட்டை ஆணி போட்டதல்ல. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத வழிகளை அவர்கள் தேடுகிறார்கள். அந்த அளவுக்கு இறங்கும்போது தண்ணீர்த் தொட்டி கைவிட்டுவிடும். அது ஏன் கைவிடுகிறது என்று புரிந்துகொண்டால் கசிவைப் பற்றிய பௌதிகம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

வீட்டில் விமானம் கட்டுவது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மும்பை காந்திவலியில் தன் குடும்பம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார் விமானி அமோல் யாதவ். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பறந்து பார்ப்பதற்கான அனுமதி அவர் கைக்கு வந்து சேர 2019 அக்டோபர் ஆயிற்று. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தில், தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற நான்கு இருக்கை விமானத்தைப் பாகங்களாக வாங்கிக் கொரோனா ஊரடங்குக் காலத்தில் தானே கோத்து முடித்தார். 2022-இல் குடும்பத்தோடு அதில் ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வந்தார். இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். அவர் தன் கையால் கட்டிய இலகு விமானம் வானில் ஏறிக் காட்டியது நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில்.

எலவனாசூர்கோட்டைக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் போட்ட விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஆகவே இந்தச் சீமைக்கு விமானம் அந்நியமில்லை. அந்தக் காலத்துப் போர் விமானங்கள் பலவற்றின் டேங்கைச் சுற்றி ரப்பர் அடுக்குகள் இருந்தன. வெளியடுக்கு பதப்படுத்திய ரப்பர். உள்ளடுக்கு பதப்படுத்தாத பச்சை ரப்பர். துப்பாக்கிக் குண்டு துளைத்துப் பெட்ரோல் பட்டவுடன் பச்சை ரப்பர் உப்பிப் பருத்துத் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். அபாரமான யோசனை அது. ஆனால் எடை அதிகம், விலை அதிகம். வீட்டில் கட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் நம்பியிருப்பது மெல்லிய அலுமினியத் தகட்டையும், ரிவிட்டையும், கறுப்புப் பசையையும்தான்.

அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் விற்கிற ஆர்வி வரிசை விமானங்களை எடுத்துக்கொள்வோம். வீட்டில் கட்டப்பட்ட விமானங்களில் உலகெங்கும் மிகுதியாகப் பறப்பவை இவை. ஆர்வி-7 விமானத்தின் ஒவ்வோர் இறக்கையிலும் ஏறத்தாழ 80 லிட்டர் பிடிக்கும் டேங்க் ஒன்று உண்டு. அது தனியாகச் செய்து உள்ளே வைத்த டப்பா அல்ல. இறக்கையின் முன்விளிம்புத் தகடே டேங்கின் சுவர். உள்ளே குறுக்குச் சட்டங்கள், பின்னால் ஒரு தடுப்புத் தகடு, இவை எல்லாவற்றையும் இணைக்க நூற்றுக்கணக்கான ரிவிட். ஒவ்வொரு ரிவிட்டும் முதலில் ஒரு துளை, பிறகுதான் அடைப்பு. நூற்றுக்கணக்கான ஓட்டைகளைப் போட்டுவிட்டு அத்தனையையும் மூடுகிற வேலை என்றே இதைச் சொல்லலாம்.

மூடுவது பாலிசல்ஃபைடு என்ற இருபகுதிப் பசை. இரண்டையும் எடைபோட்டுக் கலந்தால் ஒரு நிறமாக மாறி, மெல்ல இறுகி ரப்பராகும். நாற்றம் கடுமையானது, கையில் பட்டால் சட்டென்று போகாது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் முகத்தில் ஒரு பூச்சு, ரிவிட்டைப் பசையில் முக்கி அடிப்பது, அடித்த பிறகு உட்புறத்தில் ரிவிட் தலைமேலும் மூலைகளிலும் இன்னொரு மேடு என்று அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். பெட்டியில் ‘பி-2’ என்று போட்டிருந்தால் 25 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கையாளலாம் என்று பொருள். இந்த வகைப் பசைக்கு 10 டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையில் இரண்டு மணி நேரத்துக்கென்று கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பசை இழுபட ஆரம்பிக்கும். அரைகுறையாக இறுகிய பசையின்மேல் ரிவிட் அடித்தால் அது தகட்டோடு ஒட்டாமல் நிற்கும். பார்வைக்குக் குறை தெரியாது. டேங்கின் பின்தகட்டையும் அடித்து மூடிய பிறகு உள்ளே கையை விடவும் முடியாது. கசிவுச் சோதனைக்கு இத்தனை மதிப்பு வந்தது இதனால்தான்.

சோதனைக்கான சாமான்கள் கடைத்தெருவில் கிடைப்பவை. எரிபொருள் வெளியேறும் வாயில் டயருக்குப் போடும் வால்வு ஒன்றைப் பொருத்துவார்கள். டேங்க் மூச்சுவிடுகிற வென்ட் குழாயின் முனையில் ஒரு பிறந்தநாள் பலூனை மாட்டிக் கட்டுவார்கள். மேல்மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவார்கள். பிறகு சைக்கிள் பம்ப்பால் மெதுவாக அடித்தால் பலூன் எழுந்து நிற்கும். மறுநாளும் அப்படியே நின்றால் நல்ல அறிகுறி.

கம்ப்ரசர் குழாயை இந்த வால்வில் வைக்கவே கூடாது. டேங்குக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு. லாரி டயரில் நூறு பவுண்டு அடித்துப் பழகியவருக்கு ஒரு பவுண்டு என்பது காற்றே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அழுத்தம் வேறு, விசை வேறு. 1.2 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள தகட்டில் 930 சதுர அங்குலம் இருக்கிறது. அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்றால் தகட்டின்மேல் மொத்தம் 930 பவுண்டு, அதாவது 420 கிலோ. ஆறு ஆட்கள் ஏறி நிற்பதற்குச் சமமான தள்ளு அது, அதுவும் உள்ளிருந்து வெளியே. இரண்டு மூன்று பவுண்டு போனாலே தகடு புடைத்துப் பசை பிளக்கலாம். பலூன் இங்கே காவலாளியும்கூட. தவறிக் கூடுதலாக அடித்துவிட்டால் முதலில் வெடிப்பது அதுதான், டேங்க் பிழைத்துக்கொள்ளும்.

பலூன் டேங்க் கசிகிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. இடத்தைக் காட்டுவது சோப்புத் தண்ணீர். தூரிகையால் ஒவ்வொரு ரிவிட் வரிசையிலும் தடவிக்கொண்டே போனால், கசியும் இடத்தில் வெள்ளையாகச் சிறு நுரை பூக்கும். பெரும்பாலும் முதல் நுரை ரிவிட்டில் வராது. மேல்மூடியின் ரப்பர் வளையம், அளவுமானி பொருத்திய தகட்டின் திருகுகள், அடியிலுள்ள வடிகால் வால்வு இவற்றில்தான் வரும். பஞ்சர் கடைக்காரர் எச்சில் தொட்டு வால்வைப் பார்ப்பதன் நியாயம் இங்கும் அப்படியே பொருந்துகிறது. கழற்றி மாட்டும் இணைப்புகளை முதலில் பார்க்காதவர்கள் நல்ல டேங்கைப் பிளந்து பார்த்துக் கெடுத்துவிடுகிறார்கள்.

டேங்கை அப்படியே ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினால் என்ன? முதல் தடை ஆர்க்கிமிடீஸ். 80 லிட்டர் காற்றடைத்த டேங்கைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்க, டேங்கின் எடையையும் சேர்த்து 80 கிலோ பாரம் வேண்டும். அந்தப் பாரத்தை மெல்லிய தகட்டின்மேல் எங்கே வைப்பது? இரண்டாவது தடை நுட்பமானது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஒரு சிறு துளையின் வாயில் தண்ணீர் நின்றால் அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல இறுகி நிற்கும். காற்று வெளியேற வேண்டுமென்றால் அந்தப் பரப்பை முதலில் அரைக்கோளமாகப் புடைக்கச் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான அழுத்தம், பரப்பு இழுவிசையின் இரு மடங்கைத் துளையின் ஆரத்தால் வகுத்தால் வருவது. துளை சிறுத்தால் தேவை பெருகும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். நம்மிடம் இருப்பது ஒரு பவுண்டு அழுத்தம், அதாவது 6,900 பாஸ்கல். வகுத்துப் பார்த்தால் ஆரம் 21 மைக்ரான், விட்டம் 42 மைக்ரான் என்று வருகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, 42 மைக்ரானுக்குக் குறைந்த எந்தத் துளையிலிருந்தும் தண்ணீருக்குள் குமிழி வராது. துளை இருக்கும், அழுத்தமும் இருக்கும், தண்ணீரே அதை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு சாண் ஆழத்துக்கு அமுக்கினால் அந்த ஆழத்தின் அழுத்தமும் எதிராகச் சேரும்.

சோப்புக் கரைசலின் பரப்பு இழுவிசை 0.025 அளவில். அதே கணக்கில் 15 மைக்ரான் துளைவரைக்கும் நுரை கிளம்பும். சோப்புப் போடுவது குமிழி கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்பதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியம், தண்ணீர் பூட்டி வைத்த துளைகளைச் சோப்பு திறந்துவிடுகிறது என்பது.

பெட்ரோலோ சோப்புத் தண்ணீரையும் மிஞ்சியது. அதன் பரப்பு இழுவிசை 0.022 அளவுதான், உலோகத்தில் பட்டால் பரவி நனைக்கும். ஆகவே நுண்ணிய இடுக்குக்குள் அழுத்தம் எதுவும் இல்லாமலே நுண்புழைக் கவர்ச்சியால் ஊர்ந்து மறுபக்கம் வந்துவிடும். தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் வைத்தேன், ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று எவராவது சொன்னால், அந்த டேங்க் தண்ணீர் வைக்கத் தகுந்தது என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது.

இனி அளவு. பலூனை நம்பி அளக்க முடியாது. ரப்பர் பலூன் ஓரளவு உப்பிவிட்டால் அதற்குமேல் பருமன் கூடினாலும் உள்ளழுத்தம் அவ்வளவாகக் கூடாது; தவிர அந்த அழுத்தம் ஒரு பவுண்டுக்கு வெகு கீழே. அளக்க வேண்டுமென்றால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் குழாயை ‘ப’ எழுத்தைப் போல வளைத்துச் சுவரில் கட்டி, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டேங்கோடு இணைத்தால் போதும். ஒரு பவுண்டுக்கு இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கண்ணில் படும். சில நூறு ரூபாயில் இத்தனை கூர்மையான கருவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

கூர்மை வந்ததும் தொல்லையும் வரும். அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். நம் ஊர்ச் சூட்டில், தனிவெப்பநிலை ஏறத்தாழ 300 கெல்வின். ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் முந்நூற்றில் ஒரு பங்கு மாறும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,010 ஹெக்டோபாஸ்கல் என்பதால் அந்தப் பங்கு 3.4 ஹெக்டோபாஸ்கல், தண்ணீர்க் கணக்கில் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். கொட்டகைமேல் ஒரு மேகம் வந்து நின்று, டேங்க் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால், ஓட்டையே இல்லாமல் மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கும். பலூன் மாட்டியிருந்தால் இதையே பருமனில் பார்க்கலாம்: ஐந்து டிகிரிக்கு ஒன்றேகால் லிட்டருக்கும் மேல் காற்று பலூனுக்குள் போகும் அல்லது வெளியே வரும். சாயங்காலம் விறைப்பாக விட்டுப்போன பலூன் விடியற்காலையில் தொங்கிக் கிடந்தால் அதைக் கசிவென்று உடனே முடிவு கட்டக் கூடாது.

வெப்பம் மாறாத நேரம் பார்த்து, நடுநிசிக்குப் பிறகு அளந்தால் தப்பிக்கலாமா? அங்கே வேறொன்று காத்திருக்கிறது. கடலுக்கு இருப்பதுபோல வளிமண்டலத்துக்கும் ஓதம் உண்டு. சூரிய வெப்பத்தை மேலடுக்கு ஓசோனும் கீழடுக்கு நீராவியும் உறிஞ்சுவதால் உண்டாகும் அலை அது. வெப்பமண்டல நாடுகளில் இது நன்றாகத் தெரியும்: காலையும் இரவும் பத்து மணி வாக்கில் காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும்; விடியற்காலையும் பிற்பகலும் நான்கு மணி வாக்கில் தாழ்ந்திருக்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சில ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். நம் குழாய் காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும்தான். விடியற்காலை நான்கிலிருந்து காலை பத்துக்குள் வெளியே 3 ஹெக்டோபாஸ்கல் ஏறினால், உள்ளே எதுவும் நடக்காமலே மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கும். ஐரோப்பாவில் எழுதிய செய்முறைக் குறிப்புகளில் இந்த ஓதத்துக்கு அதிக இடமில்லை. அங்கே புயலும் குளிர்முகமும் அதை விழுங்கிவிடும். இங்கே அது கடிகாரம்போலத் தவறாமல் வரும். எனவே நம் ஊரில் சோதிப்பவர் மூன்றையும் ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும்: குழாயின் மட்டம், டேங்கின் வெப்பநிலை, வெளிக்காற்றின் அழுத்தம். கடைசியதைக் காட்டும் உணரி இப்போது பல கைபேசிகளிலேயே இருக்கிறது.

வெளிக்காற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்குக் கல்வராயன் மலையே சாட்சி. எல்லா வாயையும் இறுக அடைத்த டேங்க் ஒன்றைக் கீழே சமவெளியில் வண்டியில் ஏற்றி மலைமேல் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். 700 மீட்டர் உயரம் ஏறினால் வெளியழுத்தம் ஏறத்தாழ 78 ஹெக்டோபாஸ்கல் குறையும். அது ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். பம்ப்பைத் தொடாமலே டேங்க் சோதனை எல்லையைத் தாண்டிவிடும். விமானம் இதைப்போலப் பல மடங்கு உயரத்தைச் சில நிமிடங்களில் ஏறி இறங்குகிறது. வென்ட் குழாய் இல்லாமல் எந்த டேங்கும் பறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சின் பெட்ரோல் கிடைக்காமல் நின்றுபோகும். வென்ட் வாயில் குளவி மண்கூடு கட்டி எஞ்சின் நின்ற கதைகள் விமான உலகில் உண்டு. சோதனைக்காக வென்ட்டில் வைத்த அடைப்பை மறந்துவிட்டாலும் அதே கதிதான். அடைப்பில் ஒரு முழம் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

திருத்தங்களை எல்லாம் செய்த பிறகும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு பெரிய குறை? 80 லிட்டர் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது மணிக்கு 77 மில்லிலிட்டர் காற்று. பெட்ரோலின் பாகுத்தன்மை காற்றினுடையதைப்போல ஏறத்தாழ 28 மடங்கு. நுண்ணிய வழியில் அதே அழுத்தத்தில் அது 28-இல் ஒரு பங்குதான் போகும். மேலும் இறக்கை டேங்கில் பெட்ரோலின் ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால் அடியில் இருக்கும் அழுத்தம் ஒரு பவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு. கூட்டிப் பெருக்கினால் நாளுக்குப் பதின்மூன்று மில்லிலிட்டர், இரண்டரை டீஸ்பூன். வண்டி நிறுத்தத்தில் அந்த அளவு ஆவியாகி மறைந்துவிடும், தரையில் சொட்டாது. ஆனால் அதே கசிவு விமானி உட்காரும் அறைக்குள் இருந்தால் பெட்ரோல் நெடி தலைசுற்ற வைக்கும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் தீ. ஓட்டையின் அளவு ஒன்றேதான், அது இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

பெரிய விமானங்களைப் பராமரிக்கிறவர்கள் இதை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டவர்கள். கசிந்த இடத்தைத் துடைத்துவிட்டு முப்பது நிமிடம் காத்திருப்பார்கள். நனைந்த வட்டம் முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் அது கறை. ஒன்றரை அங்குலம்வரை போனால் ஊறல், நான்கு அங்குலம்வரை கன ஊறல், அதற்குமேல் ஓடும் கசிவு. எது எங்கே இருந்தால் பறக்கலாம், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்த அமெரிக்க உளவு விமானம் எஸ்ஆர்-71 தரையில் நிற்கும்போதே எரிபொருளைச் சொட்டிக்கொண்டு நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டுவரை பொறுக்கலாம் என்று அதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். கசிவே இல்லாத டேங்க் என்று எந்தப் பொறியாளரும் சான்று தர முடியாது. இன்ன வாயுவை, இன்ன அழுத்தத்தில் வைத்தபோது, இன்ன அளவுக்குமேல் கசியவில்லை என்றுதான் தர முடியும். அப்படி எழுதப்படாத சான்றிதழை நான் நம்பமாட்டேன்.

அதோடு சோதித்த தேதியையும் சேர்க்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. இரண்டாம் நிலையின் எரிபொருள் டேங்க் கசிந்துகொண்டிருந்தது. ராக்கெட்டைக் கோக்கும் கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் பிரித்து ஆராய்ந்தார்கள். டேங்க் செய்த 7020 வகை அலுமினியக் கலவையில், இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து காலப்போக்கில் விரிசல் விழுந்திருந்தது. பிறகு 2219 என்ற வேறு கலவையில் செய்த டேங்க் வைத்து 2014 ஜனவரி 5 அன்று ஏவினார்கள். ராக்கெட் ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுசேர்த்தது. சோதனைச் சாலையில் தேறிய உலோகம் அலமாரியில் காத்திருக்கும்போதே மாறிவிடுகிறது. 2025 ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையம் செல்லவிருந்த ஃபால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தபோது, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் ஃபுளோரிடாவில் இருந்தார். கசிவை முழுதாகச் சரிசெய்த பிறகே ஏவ வேண்டும் என்பதில் அவருடைய குழு உறுதியாக நின்றது. ஜூன் 11-க்குக் குறித்திருந்த பயணம் தள்ளிப்போனது. அந்தத் தாமதம் அதற்கு மலிவான விலை.

வீட்டில் கட்டுகிறவருக்கு இப்படிப் பிரித்துப் பார்க்கும் கூடம் கிடையாது. பெட்ரோலை ஊற்றிய பிறகு காற்றடித்துச் சோதிப்பதும் அவருக்கு ஆகாது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். காற்றுச் சோதனை முழுவதும் டேங்க் பெட்ரோலையே பார்க்காத நாளில் முடிந்துவிட வேண்டும். அடுத்தது, உண்மையான எரிபொருளைச் சில லிட்டர் ஊற்றி, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து நாள்கணக்கில் வைத்துப் பார்ப்பது. விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். கசிந்த பெட்ரோல் ஆவியானாலும் ரிவிட்டைச் சுற்றி நீல வளையம் தங்கிவிடும். அடித்த ரிவிட் எது நல்லது, எது கெட்டது என்பதை அந்தச் சாயம் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவில் அந்தப் பெட்ரோல் எளிதில் கிடைப்பதில்லை. நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் தயாரித்ததை 2022 செப்டம்பரில்தான் அறிமுகப்படுத்தியது. ஆகவே இலகு விமானக்காரர்கள் பலரும் சாதாரண பங்க் பெட்ரோலைத்தான் நாடுவார்கள். அதில் இப்போது 20 விழுக்காடு எத்தனால். கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிச் சீமைக்கு எத்தனால் நல்ல செய்தி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன, மொலாசஸ் காய்ச்சினால் எத்தனால். ஆனால் விமான டேங்குக்கு அது புது விருந்தாளி. இலகு விமானங்களில் மிகுதியாகப் பொருத்தும் ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு 10 விழுக்காடுவரைதான் தயாரிப்பாளரின் ஒப்புதல் உண்டு. கண்ணாடியிழைப் பிசினில் செய்த டேங்குகளில் சிலவற்றை எத்தனால் மெல்ல மென்மையாக்கும். ரப்பர் வளையங்களில் சில வகை அதில் ஊறிப் பருக்கும். காற்றும் சோப்பும் வைத்துச் செய்த சோதனைக்கு இது எதுவும் தெரியாது.

அதற்கு வழி, டேங்கைத் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடியது. கலந்த பசையிலிருந்து ஒரு பட்டாணி அளவு எடுத்து அலுமினியத் துண்டில் தடவி முழுதாக இறுக விடுங்கள். அதையும், மூடியில் போடப்போகும் ரப்பர் வளையத்தில் ஒன்றையும், பிசின் டேங்க் என்றால் அதே பிசினில் செய்த ஒரு சில்லையும் தனித்தனியே எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, எந்த பங்க்கில் வாங்கப்போகிறீர்களோ அந்தப் பெட்ரோலை நிரப்பிய கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, வெயில் படாத இடத்தில் சில வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்துத் துடைத்து உடனே ஒரு முறை, நன்றாக உலர்ந்த பிறகு ஒரு முறை எடை பார்க்க வேண்டும். ஊறியபோது கூடிய எடை உள்ளே புகுந்த பெட்ரோல். உலர்ந்த பிறகு குறைந்த எடை, பொருளிலிருந்து கரைந்து போனது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் நிற்கிறதா, தகட்டிலிருந்து உரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். உரிந்தால் அந்தப் பசையை அந்தப் பெட்ரோலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வேறு பசையை வாங்கி இதே சோதனையை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.